பன்னா பத்தலை

நாங்கள் கலிபோர்னியாவில் மில்பிடாஸில் குடியிருந்த நாட்களில் என் கணவர் வருடத்துக்கு இரண்டு முறை ஜப்பான் போவார். சிப் தயாரிக்கும் இயந்திரங்களுக்கு ஏதோ ஒரு பாகத்தை அவருடைய கம்பெனி செய்து கொடுத்தது. கியோட்டோவில் ஒரு தொழிற்சாலையில் அது மக்கர் பண்ணினால் இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். திரும்பும்போது பச்சைத் தேயிலை மிட்டாய் வரும். வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது. தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடையில் போனவர் மட்டும் வேறு மாதிரிச் சாமான்களோடு வந்தார்.

பெட்டியைத் திறந்து நான்கு பொருள்களைச் சோபாவில் வைத்தார். விசிட்டிங் கார்டு வைக்க ஒரு சின்ன உறை, நீளமான ஒரு பேனா பை, துணி அட்டை போட்ட உள்ளங்கை அளவு நோட்டு. நான்காவது, அட்டைக் குழலில் சுற்றி மெல்லிய காகிதம் மூடிய துணி. நான்கும் ஒரே துணிதான். அரக்கு நிறம். ஆமை ஓட்டில் இருப்பதுபோல ஆறு மூலைக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தங்க இழையில் ஒரு பூ. பூவெல்லாம் அச்சடித்தது இல்லை, நெய்தது. விரலை வைத்தால் இழை தனியாகத் தட்டுப்பட்டது. என் கல்யாணக் கூரைப்புடவையின் முந்தானையைக்கூட நான் அப்படித் தடவிப் பார்த்ததில்லை.

"இதுலயா பேனா வெக்கறாங்க?" என்றேன்.

"அங்க அப்படித்தான். கோயில் பக்கத்துல ஒரு ஸ்டேஷனரி கடை. நோட்டு அட்டை, கார்டு கவர், கண்ணாடிக் கூடு, எல்லாமே இந்தத் துணிதான். ஆபீஸ்ல மீட்டிங்குக்கு வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு வெச்சிருக்காங்க. நாம ரெக்ஸின்ல வாங்குவோமே, அந்த மாதிரி சாதாரணமா எடுத்து நீட்டறாங்க."

"சரி, இந்தத் துணி எதுக்கு?"

"நோட்டுக்கு நாமே அட்டை போட்டுக்கலாம்னு கடைக்கார அம்மா குடுத்தாங்க. ஒன்றரை மீட்டர்."

ரசீதைப் பார்த்தேன். எல்லாம் ஜப்பானிய எழுத்து. நடுவில் 1.5 என்பது மட்டும் எனக்குப் படிக்க வந்தது. அதைப் படித்த நிமிஷமே நோட்டுக்கு அட்டை போடுகிற யோசனை என் மனதிலிருந்து போய்விட்டது. ஒன்றரை மீட்டரில் ஒரு பிளவுஸ் தைத்து, தாராளமாக மிச்சமும் இருக்கும். பிரித்தால் திரும்ப அப்படிச் சுற்ற வராது என்று பயந்து குழலோடு அப்படியே அலமாரியில் வைத்தேன்.

பிளவுஸ் தைக்க எங்களுக்கு அப்போது ஒரே இடம்தான். எங்கள் அபார்ட்மெண்ட் வளாகத்திலேயே பின் பிளாக்கில் மாடியில் ஒரு அக்கா இருந்தார். மாம்பலத்துக்காரர். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். அவர் கணவர் காண்ட்ராக்டில் வேலை பார்த்தார், ஒரு புராஜெக்ட் முடிந்தால் அடுத்தது கிடைக்கும்வரை வீட்டில் இருப்பார். அக்காவும் என்னைப்போல, கணவரோடு வந்தவர்களுக்குத் தரும் ஹெச்-ஃபோர் விசா. வேலைக்குப் போகக் கூடாது. பி.காம். படித்தவர், பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் ஒரு தையல் மெஷின் வாங்கி வைத்துக்கொண்டு, இந்தியா போகும்வரை காத்திருக்க முடியாத எங்களுக்கெல்லாம் பிளவுஸ் தைத்துக் கொடுத்தார். நாங்கள் கையில் கொடுப்பதை வாங்கிக்கொள்வார். அதுவே சட்டப்படி சரியில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

துணியையும் அளவு பிளவுஸையும் எடுத்துக்கொண்டு போனேன். நான் காகிதத்தைப் பிரிக்கப் போகும்போது அக்காவுக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. ஐ.எஸ்.டி. கால், நிமிஷம் நிமிஷமாகக் காசு போகிற காலம்.

"வெச்சிட்டுப் போமா, நான் பாத்துக்கறேன்" என்று ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

வைத்துவிட்டு வந்தேன். ஆக அந்தத் துணியை இருவரும் சேர்ந்து பிரித்துப் பார்க்கவே இல்லை. பின்னால் நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தது அந்த ஒரு விஷயத்தைத்தான்.

பத்து நாள் கழித்து பிளவுஸ் வந்தது. முன்னும் பின்னும் ஜப்பான் துணி. கை இரண்டும் வேறு துணி, சாதா அரக்குப் பட்டு. கை ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு ஜப்பான் துணியில் ஒரு பட்டி.

"பன்னா பத்தலமா" என்றார் அக்கா. "அதான் கைக்கு என்கிட்ட இருந்த பட்டுத்துணியப் போட்டேன். பார்டர் மாதிரி பட்டி குடுத்திருக்கேன். நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்குங்க்கா."

"அயர்ன் மட்டும் பண்ணிடாத. இது நம்ம ஜரிகை மாதிரி இல்ல. வேற என்னமோ."

மாடிப்படி இறங்கும்போதே எனக்கு உள்ளே குடைய ஆரம்பித்துவிட்டது. ஒன்றரை மீட்டர். எங்கள் ஈரோட்டில் எண்பது சென்டிமீட்டரில் முழு பிளவுஸ் தைத்துவிடுவார்கள். பன்னா என்றால் துணியின் அகலம். துணி கொஞ்சம் காணாமல் போனால் எங்கள் ஊர்த் தையல்காரர்கள் வாயில் வரும் முதல் வார்த்தை அது. 'பன்னா கம்மிங்க' என்பார்கள். அதை நம்பிய ஒருவரையும் எனக்குத் தெரியாது. என் அம்மா கடையில் நின்று, கத்திரி ஓடி முடிகிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்து, வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வருவார். நான் வெட்டுத்துண்டைக் கேட்கவில்லை. பி.காம். படித்த, அக்கா என்று கூப்பிடுகிற ஒருவரிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்காததால் அது மனதிலேயே உட்கார்ந்துகொண்டது.

தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை தமிழ்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தின் காஃபடேரியாவை வாடகைக்கு எடுத்து விழா நடத்தினார்கள். பட்டுப் புடவைக்கு அந்த ஜப்பான் பிளவுஸைப் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் சமோசா கவுண்டருக்குப் பக்கத்தில் மடக்கு மேஜை போட்டு அக்கா நின்றிருந்தார். மேஜை முழுவதும் அவர் கையால் தைத்த சாமான்கள். பேனா பைகள், அட்ரஸ் புத்தக அட்டைகள், செக்புக் உறைகள். அப்போதெல்லாம் மளிகைக் கடையில்கூட செக் எழுதித்தான் கொடுப்போம். பேங்கில் கொடுக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்து தொங்கிக்கொண்டு எல்லார் ஹேண்ட்பேக்கிலும் கிடக்கும். அதற்குப் பதிலாக ஜரிகைத் துணியில் ஒன்று என்றால் யார்தான் கையில் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்? நல்ல கூட்டம்.

நீலத்தில் அலை போட்டது, பச்சையில் பைன் கிளை போட்டது என்று பலவும் இருந்தன. இரண்டு உறைகளும் ஒரு பேனா பையும் மட்டும் அரக்கு நிறத்தில் ஆறு மூலைக் கட்டம்.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மாமிதான் என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "அட, உங்க பிளவுஸும் இந்தப் பையும் ஒரே துணி!"

நான்கைந்து பேர் திரும்பி என் பிளவுஸையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா மாமி, ஜப்பான் துணி" என்று சிரித்துவிட்டு அவர் வேறு யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுக்கத் திரும்பினார்.

அந்தச் சிரிப்பை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் நான் எத்தனை விதமாக அர்த்தப்படுத்தினேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. போதாததற்கு, ஒரு அரக்கு செக்புக் உறையை எடுத்து "இது எனக்குங்க்கா" என்று நான் காசை நீட்டியபோது, அவர் என் கையைத் தள்ளிவிட்டார். "உன்கிட்டப் போய் வாங்குவேனா? எடுத்துட்டுப் போ." மற்ற எல்லாரிடமும் வாங்குகிறவர் என்னிடம் மட்டும் ஏன் வாங்கவில்லை? என் துணியை எனக்கே விற்க மனம் வரவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன்.

வீட்டில் கட்டிலின் மேல் பிளவுஸையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பூ, கட்டம், நிறம், ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. கணவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, இதைப் பாருங்க."

"ஒரே டிசைன். அதுக்கென்ன? ஆயிரம் மீட்டர் நெய்வாங்க."

"ஆயிரம் மீட்டர் கியோட்டோல நெய்வாங்க. மில்பிடாஸ்ல எங்கிருந்து வந்துச்சு?"

"சந்தேகமா இருந்தா கேட்டுடு" என்றார்.

நான் அக்காவிடம் கேட்கவில்லை. முன் பிளாக்கில் இருந்த மதுரைக்காரத் தோழியிடம் சொன்னேன். வாரத்தில் மூன்று நாள் எங்கள் இருவர் குழந்தைகளையும் லைப்ரரிக்கு அழைத்துப் போகும் கார் அவளுடையது. அந்தக் காரில் போகும்போது 'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்ற முன்னுரையோடுதான் ஆரம்பித்தேன். அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"என்னங்க சொல்றீங்க! எனக்கும் அப்படித்தான் ஆச்சு. பச்சை டிஷ்யூ பிளவுஸ்ல முதுகுல ஒட்டுப் போட்டிருந்தாங்க. கேட்டா துணி பத்தலன்னாங்க. நான் சரின்னு விட்டுட்டேன்."

இரண்டு நாளில், பக்கத்து ஊரான சன்னிவேலில் இருந்த இன்னொரு பெண்ணும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் தோழியின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எங்கள் பிளவுஸ்களையும், விழாவில் வாங்கிய பைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தோம். போலீஸ் ஸ்டேஷனில் கைப்பற்றிய பொருள்களைப் பரப்பி வைப்பார்களே, அந்த மாதிரி. சன்னிவேல்காரி வாங்கிய பேனா பையைத் தோழி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். உள் லைனிங்கில் ஒரு மூலையில் பச்சை டிஷ்யூ.

"பாத்தீங்களா? என் துணி" என்றாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

யாரும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணி கொடுப்பதை மட்டும் நிறுத்தினோம். நாங்கள் மூன்று பேர் மட்டும் நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொருவரும் 'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று இன்னும் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தோம். டிசம்பருக்குள் பின் பிளாக் மாடிக்கு யாரும் பை எடுத்துக்கொண்டு போவதில்லை.

ஒருநாள் லாண்டரி அறையில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். டிரையரிலிருந்து துணியை எடுத்துக் கூடையில் போட்டபடியே கேட்டார்.

"ஏன்மா, யாரும் துணியே குடுக்கறதில்ல? எதாவது பேசிக்கறாங்களா?"

"தெரியலையேக்கா" என்றேன். "டிசம்பர்ல எல்லாரும் இந்தியா போறாங்கல்ல. அங்கயே தச்சுக்கலாம்னு இருப்பாங்க."

பொய் அவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இருக்கும்" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அக்காவின் வீட்டுக் கதவில் அபார்ட்மெண்ட் மேனேஜர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். குடியிருப்புக்குள் வியாபாரம் நடத்துவதாகப் புகார் வந்திருக்கிறது, குத்தகை விதிப்படி அது கூடாது, நிறுத்தாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று. தோழி அதை வாசித்துவிட்டு வந்து சொன்னாள். வியாபாரம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டால் அது அபார்ட்மெண்டோடு நிற்குமா, விசாவரைக்கும் போகுமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரிந்திருக்காது. அன்றோடு மாடியில் மெஷின் சத்தம் நின்றது.

"நீங்களா சொன்னீங்க?" என்று தோழி என்னைக் கேட்டாள்.

"ஐயோ, இல்லங்க. நான் நீங்கன்னு நெனச்சேன்."

இருவரும் சிரித்தோம். ஆனால் லைப்ரரிக்குப் போகும்போது காரில் பழைய மாதிரிப் பேச்சு ஓடவில்லை. அவள் சொல்கிற ஒவ்வொன்றையும் நான் எடை போட்டேன், நான் சொல்வதை அவளும் எடை போடுகிறாள் என்று தெரிந்தது.

நோட்டீஸுக்குப் பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அக்கா எடுத்தார் என்பது உறுதியாகிவிட்டால் என் மனசாட்சிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. சான் ஹொசேயில் ஜப்பான்டவுன் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே இந்த மாதிரித் துணி கிடைக்காது என்று தெரிந்துகொண்டால் போதும். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கணவரை ஓட்டச் சொன்னேன். அவர் குழந்தையோடு காரில் இருந்தார், நான் மட்டும் இறங்கிப் போனேன்.

மூன்று கடைகளில் பாத்திரமும் பொம்மையும்தான் இருந்தன. நான்காவது, காகிதமும் பேனாவும் விற்கும் சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கியோட்டோவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த அதே மாதிரிக் கார்டு உறைகள். கடையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. நான் அவரை ஜப்பானிலிருந்து வந்தவர் என்று நினைத்து மெதுவாக, வார்த்தை வார்த்தையாக ஆங்கிலம் பேசினேன். அவர் சான் ஹொசேயிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைவிடப் பத்து மடங்கு வேகமாகப் பேசினார்.

கைப்பையிலிருந்து செக்புக் உறையை எடுத்துக் காட்டி, இந்தத் துணி இங்கே கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காது என்ற பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு கல்லாவுக்குக் கீழே குனிந்து ஓர் அட்டைக் குழலை எடுத்து மேஜையில் உருட்டினார். அரக்கு நிறம், ஆறு மூலைக் கட்டம். இந்த ஆமை ஓட்டுக் கட்டம் ரொம்பப் பழைய டிசைன், நீண்ட ஆயுளுக்கு அடையாளம், எப்போதும் நெய்துகொண்டே இருப்பார்கள், எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான் என்றார்.

துணி மேஜையில் விரிந்து கிடந்தது. அவர் மடிப்பைப் பிரிப்பார் என்று நின்றேன். எங்கள் ஊர் ஜவுளிக் கடைகளில் துணியை இரண்டாக மடித்துத்தான் அட்டையில் சுற்றியிருப்பார்கள், எடுத்து உதறினால் அகலம் இரட்டிப்பாகும். இவர் பிரிக்கவில்லை. நானே ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மடிப்பே இல்லை.

"அகலம் இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். கிமோனோ மேலே இடுப்பில் கட்டும் பட்டைக்காக நெய்வது இது. தறியே அந்த அகலம்தான். ஒரு அடி."

கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒன்றரைச் சாண் இருந்தது. ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரைச் சாண் அகலம். அதில் முன்னும் பின்னும் வெட்டி, கை ஓரத்துக்குப் பட்டியும் எடுத்தது எப்படி என்பதுதான் இப்போது ஆச்சரியமாக இருந்தது.

அந்த அம்மா பேசிக்கொண்டே போனார். ஒரு குண்டூசியால் தங்க இழை ஒன்றை நெம்பிக் காட்டினார். அது உலோகமே இல்லை. காகிதத்தில் தங்கத் தாளை ஒட்டி, மயிர் கனத்துக்கு வெட்டி, அதை நெய்கிறார்களாம். சூடு பட்டால் கெட்டுவிடும் என்றார்.

பிறகு என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரி ஒரு பெண் இங்கே வருவாள்" என்றார். "போன செப்டம்பரில் இதே துணியில் ஒரு முக்கோணத் துண்டைக் கொண்டுவந்து, இது இங்கே கிடைக்குமா என்று கேட்டாள். தெரிந்தவர் ஒருவர் கியோட்டோவிலிருந்து வாங்கி வந்த துணியாம். வெட்டவே பயமாக இருந்ததாம், கெட்டுப்போனால் வேறு கிடைக்காதே என்று. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு சுருளின் கடைசித் துண்டையும் அவளுக்கு எடுத்து வைப்பேன். பை தைக்க வாங்கிப் போவாள். இப்போது கொஞ்ச நாளாக வரவில்லை. அவள் நலமா?"

நலமாக இருக்கிறாள் என்றேன். வேறு என்ன சொல்வது?

காரில் வந்து உட்கார்ந்தேன். "கிடைச்சுதா?" என்றார் கணவர். ஃப்ரீவேயில் ஏறி இரண்டு எக்ஸிட் தாண்டிய பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நாளைக்கே போய்ச் சொல்லிடு. நாளாக ஆக இன்னும் கஷ்டம்" என்றார்.

மறுநாள் போனேன். அக்காவின் பெண் கதவைப் பாதி திறந்து, "அம்மா இஸ் ஸ்லீப்பிங்" என்றாள். உள்ளே குழாயில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி போனபோது அக்காவே திறந்தார். மெஷினைக் காணோம். சுவர் அலமாரிக்குள் பெட்ஷீட் போர்த்தி வைத்திருந்தது தெரிந்தது.

"உக்காரு" என்றார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நான் ஒன்று விடாமல் சொன்னேன். மாடிப்படியில் தோன்றியது, விழாவில் நினைத்தது, தோழியிடம் சொன்னது, மேஜையில் பரப்பியது, லாண்டரி அறையில் சொன்ன பொய், ஜப்பான்டவுன் கடை. முடித்ததும் அக்கா கேட்டார்.

"பன்னா பத்தலன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க."

"நீ நம்பல."

"நம்பலங்க்கா."

"துணியப் பிரிச்சதும் எனக்கே பகீர்னு ஆயிடுச்சு. உன்னக் கூப்பிட்டு, இதுல பிளவுஸ் வராதுன்னு சொல்லிடலாம்னு பாத்தேன். நீ அவ்ளோ ஆசையா கொண்டாந்து குடுத்துட்டுப் போன. ரெண்டு நாள் நியூஸ்பேப்பர்ல வெட்டி வெட்டிப் பாத்தேன். அப்புறம்தான் கத்திரி வெச்சேன்."

எழுந்து போய் ஒரு ஜிப்லாக் பையைக் கொண்டுவந்தார். அதன்மேல் பேனாவில் என் வீட்டு நம்பர். உள்ளே அரக்கு நிறத்தில் ஆறேழு துண்டுகள், பெரியதே என் சுண்டு விரல் நீளம்தான்.

"ஏங்க்கா அப்பவே குடுக்கல?"

"நீ கேக்கல. மத்தவங்க எல்லாம் வெட்டுத்துண்டு வேணாம், தூக்கிப் போட்ருங்கன்னுதான் சொல்வாங்க. அந்தப் பச்சை டிஷ்யூவும் அப்படித்தான். குப்பைல போடறத லைனிங்ல வெச்சேன்."

தண்ணீரைக் குடித்தேன். அப்போது அவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"மேனேஜர்கிட்ட சொன்னதும் நீதானா?"

"இல்லங்க்கா. சத்தியமா இல்ல. மத்ததெல்லாம் நான்தான். அது நான் இல்ல."

"சரி" என்றார்.

பன்னா பத்தலை என்று அவர் சொன்னபோது 'ரொம்ப நல்லாருக்கு' என்று நான் சொன்னேனே, அதே குரல். அவர் நம்பவில்லை. என்னை நம்ப வேண்டும் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

அன்று மாலையே தோழிக்கும் சன்னிவேல்காரிக்கும் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். சன்னிவேல்காரி அழுதுவிட்டாள். நேராகப் போய் மன்னிப்புக் கேட்டு, இரண்டு பிளவுஸ் துணியும் நீட்டினாளாம். இனிமேல் தைப்பதில்லை என்று அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டார். தோழி மட்டும் அசையவில்லை.

"கடைக்காரி அவங்களுக்குத் தெரிஞ்சவதானே? அப்படித்தான் சொல்லுவா" என்றாள்.

எனக்கு இன்னொரு யோசனை தோன்றியது. புகார் கொடுத்தது யார் என்று தெரிந்துவிட்டால் அக்காவிடம் போய், 'பாருங்கள், நான் இல்லை' என்று சொல்லலாமே. மேனேஜரின் ஆபீசுக்குப் போனேன். யார் புகார் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லக் கூடாது என்றார். இன்னொரு தடவை கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு ஏன் அதில் இவ்வளவு அக்கறை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆபீசுக்கு நேர் எதிரேதான் லாண்டரி அறை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். மேனேஜர் வாசல்வரை வந்து என்னை வழியனுப்பி, கையைத் தூக்கி 'சரி' என்பதுபோல ஆட்டிவிட்டு உள்ளே போனதையும் பார்த்தார். நான் ஓடிப்போய்ச் சொல்ல வாயெடுத்தேன். அவர் புன்னகைத்து, தலையை ஆட்டி, துணி மடிக்கத் திரும்பிவிட்டார். மேனேஜரோடு என்னைப் பார்த்துவிட்ட பிறகு, என்ன சொல்லியிருந்தாலும் புகார் கொடுத்தது நான் இல்லை என்று அவர் நம்பியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரே வளாகத்தில் இருந்தோம். பார்த்தால் பேசுவார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விசாரிப்பார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அவர் வீட்டுக்குள் மட்டும் என்னை மறுபடி கூப்பிடவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் வேலைகள் போக ஆரம்பித்தபோது அவர் கணவருடைய புராஜெக்டும் போனது. டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் வேறு ஒன்று கிடைத்து, குடும்பத்தோடு கிளம்பினார்கள். எல்லாருமாகச் சேர்ந்து ஆளுக்கு ஒரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுபோய் வழியனுப்பினோம். நானும் தக்காளி சாதம் கொண்டுபோனேன். எல்லாருடைய கையையும் பிடித்துப் பேசியதுபோலவே என் கையையும் பிடித்து, "நல்லா இரும்மா" என்றார். புது வீட்டு போன் நம்பரை அவர் ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்தார். யார் வேண்டுமானாலும் குறித்துக்கொள்ளலாம். நானும் குறித்துக்கொண்டேன். கூப்பிடவில்லை.

அந்தப் புகாரைக் கொடுத்தது கீழ்வீட்டுக்காரராக இருக்கும், தலைக்கு மேல் மெஷின் ஓடினால் யார் பொறுப்பார்கள் என்பது என் கணவரின் கட்சி. அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனாலும் மதுரைக்காரத் தோழி இன்றும் அவ்வப்போது போன் பண்ணுவாள். யாரையாவது பற்றி அவள் குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பிக்கும்போது, நான், இவள் என்னைப் பற்றி யாரிடம் என்ன சொல்கிறாளோ என்று நினைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.